சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து இயற்கை வேளாண்மைச் சான்று பெறவும், அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுப் பெறவும் ஒரு வழிகாட்டி

எங்கள் குழுவில் ஏழு பேர். எல்லோருடைய நிலத்தையும் கூட்டினால் பதினோரு ஏக்கர் தேறும். யூரியாவையும் பூச்சிமருந்தையும் நிறுத்திப் பதினான்கு மாதங்கள் ஆன பிறகே சான்றுக்கான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டோம். அந்தப் பதினான்கு மாதங்களில் ஒன்றுகூடக் கணக்கில் சேரவில்லை. தடை செய்யப்பட்ட இடுபொருளைக் கடைசியாகப் பயன்படுத்திய நாள், உறுதிமொழி எடுத்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ, அதிலிருந்துதான் மாறுதல் காலம் (ரசாயன முறையிலிருந்து மாறிச் சான்று பெறும்வரை காத்திருக்க வேண்டிய காலம்) எண்ணப்படும் என்பதை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. வயலில் எல்லாம் சரியாக நடந்தது, தாளில்தான் தோற்றோம்.

தமிழ்நாட்டில் ஐந்து முதல் இருபது பேர் வரை சேர்ந்து தொடங்க நினைக்கும் குழுக்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பஞ்சகவ்யம் தயாரிப்பது, மண்புழு உரம் போடுவது பற்றியெல்லாம் இதில் எதுவும் இல்லை. அவற்றைச் சொல்லித்தர ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். ஆவணம், செலவு, தேதி, யாரிடம் எதைக் கேட்பது ஆகியவை மட்டுமே இங்கே உள்ளன.

1. எந்தச் சான்று என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மத்திய வேளாண் அமைச்சகத்தின் பிஜிஎஸ்-இந்தியா எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. இதில் வெளியிலிருந்து ஆய்வாளர் வருவதில்லை. குழு உறுப்பினர்களே ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்றுக்குப் பரிந்துரைக்க, வட்டாரக் கவுன்சில் எனப்படும் அமைப்பு அதைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கிறது. மற்றொன்று, வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபேடாவின் கீழ் இயங்கும் என்பிஓபி எனப்படும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்ட முறை. இதில் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் நேரில் வந்து ஆய்வு செய்யும். தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இந்தச் சான்றை வழங்குகிறது. என்பிஓபியில் குழுவாகப் பதிவு செய்யக் குறைந்தது 25 விவசாயிகள் வேண்டும். குழுவுக்குள்ளேயே ஓர் உள்கட்டுப்பாட்டு அமைப்பையும் அதற்கான ஆய்வாளர்களையும் பதிவேடுகளையும் நீங்களே நடத்த வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் என்பிஓபி கட்டாயம். உள்நாட்டிலேயே விற்பதானால் பிஜிஎஸ் போதும், செலவும் மிகக் குறைவு. ஐந்தாறு பேர் கொண்ட குழு முதலிலேயே ஏற்றுமதிக் கனவில் இறங்குவது வீண்வேலை என்பது என் கருத்து.

இங்கே ஒரு பொறி உண்டு. "சான்றுச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று வியாபாரி ஒருவர் வந்தால், சான்று யார் பெயரில் வரும் என்பதை முதலில் கேளுங்கள். அவர் பெயரில் வந்தால், அவர் விலையைக் குறைக்கும் ஆண்டில் உங்கள் நெல் மறுபடியும் சாதாரண நெல்லாகிவிடும்.

2. ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்

பிஜிஎஸ் முறையில் ஒரே ஊரையோ பக்கத்து ஊர்களையோ சேர்ந்த ஐந்து பேர் இருந்தால் குழு அமைக்கலாம். எண்ணிக்கையைக் கூட்ட அவசரப்பட வேண்டாம். "இயற்கை விவசாயத்தில் விருப்பமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "உங்கள் வயலுக்கு மருந்தடிப்பவர் யார், அவரை நிறுத்தச் சொல்ல உங்களால் முடியுமா?" என்று கேளுங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். எங்கள் பகுதியில் ஆண்கள் பலர் வெளியூர் வேலைக்குப் போய்விட, வயலைப் பெண்களே பார்க்கிறார்கள். பட்டா கணவர் பெயரில் இருக்கும். கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் வயலை உண்மையில் பார்ப்பவர்தான் வர வேண்டும், கையெழுத்துக்கு மட்டும் பட்டாதாரர் போதும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் தம் நிலத்தில் ஒரு துண்டை மட்டும் இயற்கை முறைக்கு விட்டுவிட்டு, மறு துண்டில் அதே பயிரை ரசாயன முறையில் செய்ய விதி இடம் தராது. "அரை ஏக்கரில் பார்ப்போம்" என்பவரை நண்பராக வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினராக இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்.

3. நில ஆவணங்களைச் சரிசெய்யுங்கள்

நேரம் அதிகம் கரைவது இங்கேதான். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு கோப்பு திறந்து, பட்டா–சிட்டா நகல், நடப்புப் பசலிக்கான (வருவாய்த் துறை ஆண்டுக்கான) அடங்கல் எனப்படும் பயிர்க் கணக்கு, புல வரைபடம், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றை அதில் வையுங்கள். பட்டாவையும் சிட்டாவையும் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்திலிருந்து நீங்களே எடுக்கலாம். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால், ஜூனில் வாங்கிய அடங்கல் அடுத்த மாதமே பழையதாகிவிடும். சிறு குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். ஒரு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி என்பது பொதுவான அளவுகோல்.

எங்கள் ஏழு பேரில் நான்கு பேருடைய ஆவணங்களில் ஏதாவதொரு கோளாறு இருந்தது. உங்கள் குழுவிலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாவது இருக்கும்.

பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருப்பது: வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்தால், கிராமக் கணக்குகள் எல்லாம் அங்கேயே இருப்பதால் குறை என்னவென்று அன்றே தெரிந்துவிடும். ஆறு மாதம் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப் பட்டா: மற்றப் பங்குதாரர்களிடமிருந்து ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். பாகப்பிரிவினை வரட்டும் என்று காத்திருந்தால் தலைமுறை கடந்துவிடும்.

ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர்: தலைப்பெழுத்து முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். எதைத் திருத்துவது எளிதோ அதைத் திருத்துங்கள்; பெரும்பாலும் அது ஆதார்தான்.

வாய்மொழிக் குத்தகை: இதில் மிகவும் கவனமாக இருங்கள். மண்ணைத் திருத்த இரண்டு ஆண்டுகள் உழைத்த பிறகு, மூன்றாம் ஆண்டில் நிலத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையாளர்கள் உண்டு. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அது செல்லும்.

வங்கிக் கணக்கு: மானியம் ஆதார் எண்ணுடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே போகும். இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர், எந்தக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது என்பதை வங்கியில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒருவர் பணம் வரவில்லை என்று ஓராண்டு குறைபட்டுக்கொண்டிருந்தார். அது அவர் மறந்தே போன வேறொரு கணக்கில் கிடந்தது.

4. யாருடன் கைகோப்பது, எதை எழுதி வாங்குவது

ஒரே அமைப்பு எல்லாவற்றையும் செய்துதரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மண், நோய், விதை பற்றிய தொழில்நுட்ப ஆலோசனைக்கு மாவட்ட வேளாண் அறிவியல் மையம். பயிற்சி, கண்டுணர்வுச் சுற்றுலா, செயல்விளக்கத் திடல் ஆகியவற்றுக்கு அட்மா எனப்படும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டம். மானியங்களுக்கும் திட்டப் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கும் வட்டார உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகம். காய்கறி, பழம் என்றால் தோட்டக்கலைத் துறை. சான்றுக்கு வட்டாரக் கவுன்சில். உங்கள் ஊருக்கு வரும் உதவி வேளாண்மை அலுவலரின் ஆதரவு இருந்தால் இவற்றில் பாதி வேலை தானாக நடக்கும். அவரை உங்கள் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள்.

தொண்டு நிறுவனங்களுடன் சேரும்போது மட்டும் ஒரு பக்க ஒப்பந்தம் கட்டாயம். எங்களுக்கு உதவிய ஓர் அமைப்பினர் நல்லவர்கள்தான். மூன்று பயிற்சிகள் நடத்தினார்கள், பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள், பிஜிஎஸ் இணையதளத்தில் குழுவையும் பதிவு செய்து தந்தார்கள். அவர்களுடைய திட்டக் காலம் முடிந்தது. அதன் பிறகு நாங்கள் தளத்துக்குள் நுழைய முயன்றால், கடவு எண் வேலையை விட்டுப்போன அவர்களுடைய பணியாளரின் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மாற்ற நான்கு மாதம் ஆயிற்று. ஆகவே, பதிவு உங்கள் உறுப்பினர் ஒருவரின் எண்ணில்தான் இருக்க வேண்டும். மூல ஆவணங்கள் உங்களிடமே இருக்க வேண்டும். விளைபொருளை அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. திட்டம் எந்த மாதத்தில் முடிகிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இந்த நான்கையும் எழுதி வாங்குவதை யாரும் அவமதிப்பாக நினைக்க மாட்டார்கள்.

5. உறுதிமொழி, வயல் வரலாறு, பதிவேடு

ஆவணங்கள் எல்லாம் சேரும்வரை உறுதிமொழியைத் தள்ளிப்போடாதீர்கள். யாருடைய தாள்கள் சரியாக இருக்கின்றனவோ அந்த ஐந்து பேரை வைத்துக் குழுவைப் பதிவு செய்து உறுதிமொழி எடுத்துவிட்டு, மற்றவர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நெல், கடலை போன்ற பருவப் பயிர்களுக்கு மாறுதல் காலம் 24 மாதம். தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு 36 மாதம். மாறுதல் காலத்தில் உள்ள விளைபொருளுக்குப் பிஜிஎஸ்-கிரீன் முத்திரையும், காலம் முடிந்தபின் பிஜிஎஸ்-ஆர்கானிக் முத்திரையும் கிடைக்கும்.

வயல் வரலாற்றுப் படிவத்தில் கடந்த ஆண்டுகளில் போட்ட உரத்தையும் மருந்தையும் மறைக்காமல் எழுதுங்கள். பழையதை ஒப்புக்கொள்வதால் சான்று போய்விடாது. பொய் வெளிப்பட்டால் போய்விடும். விதையிலும் எச்சரிக்கை தேவை. பூஞ்சாணக்கொல்லி பூசிய, நிறம் ஏற்றிய விதை கூடாது. பிடி பருத்தி போன்ற மரபணு மாற்று விதை அறவே கூடாது.

பதிவேட்டுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, சர்வே எண், செய்த வேலை, இட்ட பொருள், அது எங்கிருந்து வந்தது என்று ஐந்து பத்திகள் போடுங்கள். வெளியில் வாங்கிய வேப்பம் புண்ணாக்கின் ரசீதையும் அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். குழுக் கூட்டங்களுக்கு வருகைக் கையெழுத்துடன் தனி நோட்டு வேண்டும்.

6. ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்வது

குறைந்தது மூன்று பேர் சேர்ந்து ஒரு வயலைப் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்த வயலுக்குரியவர் அதே சுற்றில் உங்கள் வயலைப் பார்க்கக் கூடாது. மாமனும் மச்சானுமாக உள்ள குழுவில் இந்தச் சுழற்சியை அமைப்பது சற்றுத் தலைவலிதான். ஆனாலும் ஒரு தாளில் அட்டவணை போட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வரப்பில் நின்று பயிரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது ஆய்வாகாது. எங்கள் முதல் சுற்றில் மூத்த உறுப்பினர் ஒருவர் பயிரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால், சிலந்தி வலை படிந்த கீற்றுக்கு அடியில், பாதி காலியான களைக்கொல்லிக் குப்பி இருந்தது. அது அந்தக் கிணற்றில் பங்கு வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரருடையது என்பது விசாரித்தபின் தெரிந்தது. ஆனால் கைத்தெளிப்பான் இருவருக்கும் பொதுவாக இருந்தது. மருந்தடித்த தெளிப்பானில் மூலிகைக் கரைசலைத் தெளித்தாலும் அது விதிமீறலே. நடந்ததை அப்படியே படிவத்தில் எழுதினோம். குழுவுக்கெனத் தனித் தெளிப்பான் ஒன்று வாங்கினோம்.

ஆகவே கொட்டகை, சாக்குகள், தெளிப்பான், வாய்க்கால், வரப்பு என்ற வரிசையில் பாருங்கள். பக்கத்து வயலின் வடிகால் நீர் உங்கள் வயலுக்குள் இறங்கினால், வரப்பை உயர்த்தவோ வாய்க்காலைத் திருப்பவோ வேண்டும். எல்லையில் ஓர் இடைவெளியும் உயிர்வேலியும் அவசியம். தவறு செய்தவருக்கு என்ன தண்டனை என்பதை யாரும் தவறு செய்வதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறு நடந்தபின் பேசினால் அது உறவுச் சண்டையாக முடியும்.

சான்று 12 மாதங்களுக்கே செல்லும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே அடுத்த ஆய்வுச் சுற்றை முடித்துவிடுங்கள். குழுவுக்கு ஆகும் நேரடிச் செலவு போக்குவரத்து, நகல், நோட்டு ஆகியவைதான். எச்ச நஞ்சுப் பரிசோதனை கேட்கப்பட்டால் ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால் அதற்குப் பொதுநிதியில் ஒதுக்கி வையுங்கள்.

7. திட்டப் பணம்

2015-இல் தொடங்கிய பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் இயற்கை வேளாண்மைத் திட்டம், அருகருகே உள்ள நிலங்களை ஒன்றாகச் சேர்க்கும் தொகுப்பு முறையில் செயல்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் என்ற கணக்கில், இடுபொருளுக்கான 15,000 ரூபாய் மட்டுமே விவசாயியின் கணக்குக்கு நேராக வரும். எஞ்சியவை பயிற்சி, சான்று, சந்தைப்படுத்தல் ஆகியவற்றுக்கானவை. ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரையே உச்சவரம்பு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு, ஒரு விவசாயிக்கு ஒரு ஏக்கர் வரை ஊக்கத்தொகை உண்டு. இரண்டுக்கும் தொகுப்புப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்க வேண்டும். பட்டியல் நிதியாண்டின் தொடக்கத்தில் தயாராகும்போதே உதவி வேளாண்மை இயக்குநரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். இந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். விதைப்புக்கு வரவேண்டியது அறுவடைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

8. உற்பத்தியாளர் நிறுவனம் இப்போதே வேண்டுமா?

பத்து விவசாயிகளும் ஐந்து இயக்குநர்களும் இருந்தால் கம்பெனிச் சட்டப்படி, விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம். பதிவு எளிது, பராமரிப்புதான் கடினம். பதிவான 180 நாட்களுக்குள் தொழில் தொடக்க அறிவிப்பு, ஆண்டுதோறும் தணிக்கை, பொதுக்குழுவுக்குப் பின் ஆண்டறிக்கைகள் என்று வரிசையாக வரும். ஆண்டறிக்கை தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான மத்தியத் திட்டத்தின் உதவியைப் பெறச் சமவெளிப் பகுதியில் 300 உறுப்பினர்கள் தேவை. இருபது பேருக்குள் இருக்கும் குழு, பக்கத்து ஊரில் நன்றாக நடக்கும் நிறுவனம் ஒன்றில் பங்குதாரர்களாகச் சேர்வதே மேல்.

9. கோரிக்கை வைப்பது

"இயற்கை விவசாயத்தை ஊக்குவிக்க வேண்டும்" என்ற மனுவுக்குக் கிடைக்கும் பதில் "ஊக்குவிக்கப்பட்டு வருகிறது" என்பதாகத்தான் இருக்கும். எங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. மனு என்பது எந்தப் பொருள், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த அலுவலரின் அதிகாரத்தில் என்ற நான்கையும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதை, நடவு முடிந்த பிறகே வேளாண் விரிவாக்க மையத்துக்கு வந்துகொண்டிருந்தது. தக்கைப்பூண்டை விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழ வேண்டும் என்பதால், தாமதமாக வரும் விதையால் யாருக்கும் பயனில்லை. ஏக்கருக்கு 20 கிலோ வீதம் எங்கள் ஊருக்கு எவ்வளவு தேவை என்று சர்வே எண் வாரியாகப் பட்டியல் எடுத்து, ஆனி பிறப்பதற்குள் விதை மையத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம்.

முதலில் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் குறைவெண் வரம்பு நிறையும். ஆகவே உங்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போங்கள். தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதி ஒரு வாரம் முன்பு ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள். கூட்டம் முடிந்தபின் தீர்மான எண்ணுடன் நகல் கேளுங்கள். பதிவேட்டில் ஏறாத தீர்மானங்கள் உண்டு.

அந்த நகலை இணைத்து, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகை எண் வாங்குங்கள். மேடையில் பேச வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிப் பதில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன், "எங்கள் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல்" என்று ஒரே ஒரு ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

மாநில அளவிலான கோரிக்கைக்கு வேளாண் நிதிநிலை அறிக்கை தருணமானது. 2022 முதல் 2025 வரை அது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் தாக்கலானது. அதற்கு முன்பு நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குள் உங்கள் மனு போய்ச் சேர வேண்டுமானால் டிசம்பரிலேயே எழுதி முடித்துவிட வேண்டும். 2023 மார்ச்சில் வெளியான தமிழ்நாடு அங்கக வேளாண்மைக் கொள்கையில் உங்கள் கோரிக்கைக்குப் பொருந்தும் பகுதியை அப்படியே மேற்கோள் காட்டி, "இந்தக் கொள்கையின்படி" என்று தொடங்குங்கள். அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மறுக்க எந்த அலுவலருக்கும் கை வராது. தனியாகக் கொடுப்பதைவிட, பக்கத்து வட்டாரத்துக் குழுக்கள் மூன்று நான்கு சேர்ந்து, ஒரே வாசகத்தில், அவரவர் சர்வே எண் பட்டியலுடன் கொடுப்பது நல்லது.

எங்கள் தக்கைப்பூண்டு விதை முதல் ஆண்டில் வரவில்லை. இரண்டாம் ஆண்டில், வைகாசி கடைசி வாரத்தில், கேட்டதில் பாதி அளவு வந்தது. அந்த விநியோகப் பட்டியலின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறோம்; மீதிப் பாதிக்கான மனுவுடன் இணைக்க அதுதான் ஆவணம்.